டிவி படத்தைக் கடை வெளிச்சத்திலிருந்து வீட்டு வெளிச்சத்துக்கு மாற்றுவது எப்படி?

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் புது டிவி வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. 43 அங்குலம், நல்ல டிவி. போன சனிக்கிழமை இரவு நான் போனபோது, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கன்று கைபேசியில் எடுத்த வீடியோவைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுச் சேலைகளின் சிவப்பு நெருப்பாக எரிந்தது. கூட்டத்தில் நின்றவர்களின் முகங்கள் நீலம் பாய்ந்து வெளுத்திருந்தன. தலைமுடி எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. எது கொண்டை, எது பின்னல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"என்ட தங்கச்சி எங்க நிக்கிறா எண்டே தெரியல்ல மனே" என்றார் பெரியம்மா.

டிவியில் ஒரு பழுதும் இல்லை. கடையில் பத்து, இருபது டிவிகள் வரிசையாக நிற்கும். தலைக்கு மேல் டியூப் லைட்டுகள் எரியும். அந்த இடத்தில் எது அதிகம் பளிச்சிடுகிறதோ அதைத்தான் நம் கண் முதலில் பிடிக்கும். அதற்கென்று வைத்த அளவுகளோடு டிவி வீட்டுக்கு வந்துவிடுகிறது. இரவில் ஒற்றை பல்ப் எரியும் ஹோலில் அதே அளவுகள் கண்ணைக் குத்தும், நிறத்தையும் கெடுக்கும். இதைச் சரிசெய்ய ஆள் கூப்பிடத் தேவையில்லை. ரிமோட்டும் ஒரு மணித்தியாலமும் போதும்.

தொடங்க முன்

டிவியை நிறுத்தி, திரையைத் துடையுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் சேர்ந்து திரையில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். மென்மையான துணியைத் தண்ணீரில் இலேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். அது திரையின் பூச்சைக் கெடுக்கலாம்.

அடுத்து, டிவி இருக்கும் இடம். எங்கள் பக்கம் சூரியன் கடலிலிருந்து வருகிறது. கிழக்கு யன்னலுக்கு நேரெதிரே டிவியை வைத்தால் காலை முழுவதும் திரையில் யன்னல்தான் தெரியும். எந்த செட்டிங்கும் அதை வெல்லாது. பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் தடித்த திரைச்சீலை போடுங்கள். உயரத்தையும் கவனியுங்கள். அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்த டிவியைக் கீழிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கதிரையில் இருக்கும்போது கண் திரையின் நடுப்பகுதிக்கு நேராக இருப்பது நல்லது. 43 அங்குலத் திரைக்கு ஐந்தரை, ஆறு அடித் தூரம் பொருந்தும்.

நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் நேரத்திலேயே இந்த வேலையைச் செய்யுங்கள். பெரியம்மா வீட்டில் அது இரவு ஏழு மணிக்குப் பிறகு. டிவியை அரை மணித்தியாலம் ஓடவிட்டுத் தொடங்குங்கள்.

பார்ப்பதற்கு மூன்று வீடியோக்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: இரவுக் காட்சி உள்ள ஒரு படம், செய்தி வாசிக்கும் ஒருவரின் முகம், நீங்கள் நேரில் நின்ற இடத்தில் எடுத்த ஒரு வீட்டு வீடியோ. கைபேசி நிறத்தைக் கொஞ்சம் கூட்டி எடுக்கும் என்பதால் வீட்டு வீடியோவை மட்டும் நம்பவேண்டாம். ஆனால் அதில் இருப்பவர்களின் முகநிறம் உங்களுக்குத் தெரியும். அது பெரிய உதவி.

1. கடை மோடிலிருந்து வெளியே வாருங்கள்

இதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாக மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்துத் திரும்பிப் பார்த்தால், படம் பழையபடி எரிகிறது. திரும்ப மாற்றினேன், திரும்பவும் அதே. டிவியைக் கொண்டுவந்து பூட்டியவர்கள் அதைக் கடை மோடிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மோடில் இருந்தால், நீங்கள் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் டிவி தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும்.

செட்டிங்கில் ஜெனரல் அல்லது சிஸ்டம் பகுதிக்குப் போய், யூசேஜ் மோட், ஸ்டோர் மோட், ரீட்டெய்ல் மோட், ஷொப் மோட் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதை ஹோம் என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நிலைக்காது.

2. பிக்சர் மோட்

வீவிட், டைனமிக் என்றிருந்தால் மூவி அல்லது சினிமாவுக்கு மாற்றுங்கள். சில டிவிகளில் ஃபில்ம்மேக்கர் மோட் என்றும் ஒன்று உண்டு. படம் எடுத்தவர்கள் நினைத்தபடி காட்டுவதற்காக 2019 இல் அறிவிக்கப்பட்ட மோட் அது. இருந்தால் அதையே எடுங்கள். பாதி வேலை இந்த ஒரு மாற்றத்தோடு முடிந்துவிடும். முதல் பார்வைக்கு மங்கல் போலத் தெரியும். அவசரப்பட்டுத் திருப்பி மாற்ற வேண்டாம்.

அப்புறம் டிவி தன்பாட்டில் செய்யும் வேலைகளை நிறுத்துங்கள். ஈகோ மோட், எனர்ஜி சேவிங், டைனமிக் கொன்ட்ராஸ்ட், நொய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் ஓஃப். இவை இயங்கும்போது நீங்கள் ஒன்றைக் கூட்ட, டிவி மற்றொன்றைக் குறைக்கும். கடைசியில் எது எதனால் மாறியது என்று தெரியாது.

3. பேக்லைட்

திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு இது. ஓலெட் டிவியில் பின்விளக்கு இல்லை, அதனால் ஓலெட் லைட், பிக்சல் பிரைட்னஸ் போன்ற பெயரில் இருக்கும். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியது இது ஒன்றைத்தான். வெள்ளை நிறைந்த ஒரு காட்சியை இரவில் பார்த்துக் கண் சுருங்கினால் குறையுங்கள். பகலில் கதவு திறந்திருக்கும்போது கூட்டுங்கள். குறைத்தால் கரண்ட் பாவனையும் குறையும்.

4. பிரைட்னஸ்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நெடுங்காலமாக டிவிகளில் பிரைட்னஸ் என்பது வெளிச்சத்தைக் கூட்டுவதற்கல்ல, கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வதற்குத்தான். கூட்டினால் கறுப்பு சாம்பலாகும். குறைத்தால் இருட்டில் இருப்பதெல்லாம் கறுப்புக்குள் புதைந்துவிடும். படம் மங்கல் என்று பலர் இதைத்தான் போட்டுக் கூட்டுகிறார்கள். படம் புகை மூடியது போலாகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சோனி டிவிகளிலும் புதிய சாம்சுங் டிவிகளிலும் பிரைட்னஸ் என்றால் பேக்லைட்தான். கறுப்பை மாற்றுவதற்கு சோனியில் பிளக் லெவல், சாம்சுங்கில் ஷடோ டீட்டெய்ல் என்று தனியாக இருக்கும். உங்கள் டிவியில் எது என்று தெரியாவிட்டால் ஒரு இருட்டுக் காட்சியை நிறுத்தி வைத்து அந்த எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முழுப் படமும் சேர்ந்து ஒளிர்ந்து மங்கினால் அது பேக்லைட். இருட்டுப் பகுதி மட்டும் அதிகமாக அசைந்தால் கறுப்பு.

சரி, அளவை எப்படிப் பிடிப்பது? மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் ஒரு படத்தைப் போட்டு, இரவுக் காட்சியில் நிறுத்துங்கள். பட்டைகள் சாம்பலாகும் வரை கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, பட்டைகள் கறுப்பான இடத்தில் நில்லுங்கள். இப்போது தலைமுடியைப் பாருங்கள். எண்ணெய் வைத்து வாரிய முடியில் சீப்பின் கோடுகள் தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஒரு எண் கூட்டுங்கள். இதற்கென்றே சோதனைப் படங்களும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளக் லெவல் டெஸ்ட் என்று தேடினால் வரும்.

இந்த இடத்துக்கு வந்ததும் பெரியம்மாவின் குளிர்த்தி வீடியோவைத் திரும்பப் போட்டேன். கறுப்புத் திட்டாக இருந்த கூட்டம் ஆள் ஆளாகப் பிரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் ஒரு கொண்டை, அதில் மல்லிகைச் சரம். "அந்தா நிக்கிறா!" என்று பெரியம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். இரண்டு எண்கள் கூட்டியதன் வேலை அது.

5. கொன்ட்ராஸ்ட்

இது வெள்ளையின் அளவு. வெள்ளை வேட்டி கட்டியவர் வரும் காட்சியில் துணியின் மடிப்புகள் தெரியவேண்டும். வெறும் வெள்ளைக் கடதாசி போலத் தெரிந்தால் குறையுங்கள். மூவி மோடில் வந்த எண்ணைப் பெரும்பாலும் தொடவேண்டியிருக்காது.

6. கலர் டெம்பரேச்சர், கலர்

வெள்ளையில் நீலம் தட்டுமா மஞ்சள் தட்டுமா என்பதை முடிவு செய்வது கலர் டெம்பரேச்சர். இதைக் கூல், ஸ்டான்டர்ட் என்ற நிலையிலிருந்து வார்முக்கு மாற்றுங்கள். வார்ம் 1, வார்ம் 2 என்றிருந்தால் வார்ம் 2 தான் பெரும்பாலும் சரியானதற்கு அருகில் இருக்கும். படங்களும் நிகழ்ச்சிகளும் தயாரிக்கப்படும்போது வெள்ளைக்கு எடுத்துக்கொள்ளும் அளவு 6500 கெல்வின். கூல் அதைவிட நீலமாகக் காட்டும்.

மாற்றியவுடன் எல்லா வீட்டிலும் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "என்ன மனே, மஞ்சள் பூசின மாதிரி இருக்கு?" நான் பெரியம்மாவிடம் பள்ளிக்கூடச் சட்டையை வைத்து விளக்கினேன். வெள்ளைச் சட்டைக்கு நீலம் கூடிப்போனால் முதலில் பளிச்சென்றுதான் இருக்கும். நீலம் போடாத சட்டையைப் பக்கத்தில் வைத்தால் அது பழுப்பாகத் தெரியும். உண்மையில் பழுதாகிப்போனது நீலம் கூடிய சட்டைதான். கண் இத்தனை நாள் நீலத்துக்குப் பழகிவிட்டது. மூன்று நான்கு நாட்கள் விட்டுவைத்துவிட்டு, பிறகு கூலுக்கு மாற்றிப் பாருங்கள். முகங்களெல்லாம் குளிரில் நடுங்குவது போலத் தெரியும்.

கலர் அளவைச் செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்து வையுங்கள். வயல் பச்சையையோ சேலைச் சிவப்பையோ பார்த்து வைத்தால் கை தானாகக் கூட்டிவிடும், ஏனென்றால் கூடிய பச்சையும் சிவப்பும் அழகாகத்தான் தெரியும். முகம் பொய் சொல்லாது. நம்முடைய மண்ணிறத் தோல் செம்மஞ்சளாக ஒளிர்ந்தால் கலர் அதிகம். சாம்பல் தட்டினால் குறைவு. கறுத்தவர்கள் கறுப்பாகவும், அந்தக் கறுப்பின் மினுமினுப்போடும் தெரிவதுதான் சரியான அளவு. எனக்கு இது முக்கியம். வெளுப்பாக்கிக் காட்டும் டிவியில் நம் சனங்களைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. டின்ட் என்பதை நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

7. ஷார்ப்னஸ்

கூட்டினால் படம் தெளியும் என்று நினைக்கிறோம். உண்மையில் டிவி ஒவ்வொரு பொருளின் ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோட்டை இழுக்கிறது, அவ்வளவுதான். திரையில் எழுத்து வரும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய நிழல் தெரிந்தால், அது மறையும் வரை குறையுங்கள். பல டிவிகளில் 0 முதல் 10 வரை நல்லது, சோனியில் நடுவான 50. சாதாரண அலைவரிசைகளின் படம் 576 வரிகள்தான். 4கே திரையில் 2160 வரிகள். கிட்டத்தட்ட நாலு மடங்கு இழுக்கப்படும் படத்தில் ஷார்ப்னஸைக் கூட்டினால் புள்ளிகள்தான் பெருகும்.

8. அசைவும் அளவும்

பெரிய படங்கள்கூடப் பின்னேரச் சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடுகின்றனவா? படம் செக்கனுக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுகிறது. டிவி இடையிடையே தானாகச் சட்டங்களை உண்டாக்கிச் சொருகுகிறது. சாம்சுங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஓட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. படம் பார்க்கும்போது ஓஃப். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் குறைந்த அளவில் வையுங்கள். கூட்டினால் பந்தைச் சுற்றி மங்கிய வால் ஒன்று வரும்.

பழைய படங்களில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் 4:3 படத்தை 16:9 ஆக இழுத்திருக்கிறீர்கள். 4:3 க்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பு வருவது இயல்பு. கீழே ஓடும் ஸ்கோர் வெட்டுப்பட்டால் எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சுங்கில் ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் ஃபுல் பிக்சல் என்பதைப் போடுங்கள்.

9. ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக

பென்டிரைவில் சரிசெய்த அளவுகள் டிஷ் பெட்டியின் எச்டிஎம்ஐ இணைப்புக்கோ யூடியூபுக்கோ தானாகப் போகாது. பல டிவிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு கணக்கு வைத்திருக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் வீடியோவுக்கும் தனிக் கணக்குத்தான். அதில் பேக்லைட்டைக் குறைக்காமல் உச்சத்திலேயே விடுங்கள். சில டிவிகளில் எல்லா இணைப்புகளுக்கும் பொருத்து என்று ஒரு தெரிவு இருக்கும். இல்லாவிட்டால் செட்டிங் திரையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் போய் அதே எண்களைப் போடுங்கள். பெரியம்மா வீட்டில் டிஷ் பெட்டிக்குப் போட்டு முடித்தபோது மணி பத்தாகிவிட்டது. யூடியூபுக்கு மறுநாள் காலையில், கிழக்கு யன்னலை மூடிவிட்டு, அவரே பார்த்துப் பார்த்து எண்களைப் போட்டார்.