முன்னோடிகளின் வரலாற்றைக் கொண்டு ஒரு சபையைப் புதுப்பிப்பது எப்படி?

திருநெல்வேலிப் பகுதியில் ஒரு கிறிஸ்தவச் சபை தன் நூற்றைம்பதாவது அல்லது இருநூறாவது ஆண்டை எட்டும்போது, கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதும், அசனம் என்னும் பொது விருந்து நடத்துவதும், நினைவு மலர் வெளியிடுவதும் வழக்கம். அந்த மலரில் வாழ்த்துச் செய்திகள் முப்பது பக்கம் ஓட, சபையைத் தொடங்கியவர்கள் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறார்கள். சபை உண்மையிலேயே புத்துயிர் பெற வேண்டுமென்றால் மலரைத் தள்ளிவைத்து, ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தொடங்குவதே நல்லது.

சேகரகுருவானவரிடம் (உங்கள் சபைக்குப் பொறுப்பான போதகர்) எழுத்து மூலம் அனுமதி பெற்று, பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரையும் வாலிபர் இருவரையும் கொண்ட சிறு குழுவாக அமருங்கள். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவில் நாற்பது பேரே இருந்தார்கள். அந்தப் பட்டியல், பின்னர் அங்கே ஆலயம் கட்டிய குளோரிந்தா அம்மையாரின் பெயரோடு தொடங்குகிறது. உங்கள் பதிவேட்டிலும் முதல் நாற்பது பெயர்களைத் தனித்தாளில் எழுதி, பெற்றோர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆகிய விவரங்களை நிரப்பிப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு குடும்பம் முழுவதும் வந்ததா, ஒரு விதவை மட்டும் தனியே வந்தாரா, பனையேறிகள் எத்தனை பேர், நெசவாளர் எத்தனை பேர் என்பவை அப்போதுதான் கண்ணில் படும்.

தாள்களைச் சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கைப்பேசியில் படமெடுத்தால் போதும். நான் அறிந்த ஒரு சபையில், நல்லெண்ணத்தோடுதான், முதல் எட்டுத் தாள்களைப் பிரித்தெடுத்து லேமினேஷன் செய்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் பிளாஸ்டிக்குக்குள் ஈரம் ஏறி, மை பழுப்பாகப் பரவி, மூன்று பெயர்களை இனி எவராலும் வாசிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும் இதே வகைக் கேடுதான்.

அடுத்து கல்லறைத் தோட்டம். காலைச் சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மென்மையான பிரஷும் தண்ணீரும் தவிர வேறெதையும் கல்லின்மேல் பயன்படுத்த வேண்டாம்.

வெளியூர் ஆவணங்களும் உண்டு. உங்கள் சபை சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி என்னும் இங்கிலாந்து மிஷனரி சங்கம்) மரபில் வந்ததென்றால் அச்சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. என்ற மற்றோர் இங்கிலாந்துச் சங்கத்தின் மரபென்றால் ஆக்ஸ்ஃபோர்டிலும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மிஷனரிமார் என்பதால், உபதேசியார்கள் (குருப்பட்டம் பெறாத உள்ளூர்ப் போதகர்கள்) அவற்றில் பல இடங்களில் பெயரின்றியே வந்துபோவார்கள். அந்தப் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து மீட்பதே உங்கள் குழுவின் முதன்மையான வேலை என்பேன். கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் ஆலயம் எழுப்ப முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 1880இல் பிரதிஷ்டை கண்டதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாவதற்குக் காரணமாயிருந்த டேவிட் சுந்தரானந்தத்தையும், 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனையும் எத்தனை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

கசப்பான பகுதிகளை மறைக்காதீர்கள். குளோரிந்தா ஓர் ஆங்கில அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல்தான் கொடுத்தார். அந்த அம்மையார் முயன்று கட்டிய ஆலயத்தை 1785இல் பிரதிஷ்டை செய்தவரும் ஸ்வார்ட்ஸ் ஐயரே. மிஷனரி ரேனியஸ் ஐயர் ஆங்கிலிக்கன் சபை ஒழுங்குகளைக் குறித்த கருத்து வேறுபாட்டால் 1835இல் சி.எம்.எஸ்.ஸை விட்டுப் பிரிய, சபைகளும் இரண்டாகப் பிளந்தன. ஆலயத்துக்குள் யார் எங்கே உட்காருவது என்ற சாதிச் சச்சரவுகளும் இந்த வரலாற்றின் பகுதியே. இவற்றைச் சபையார் முன் வாசிக்கும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். இன்றைய சபைத் தேர்தல் பூசல்கள் எங்கிருந்து வந்தன என்று பேச, இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது. இந்தக் கூட்டத்தைப் பண்டிகை நாளில் வைக்காமல், ஒரு சாதாரண ஞாயிறு மாலையில் வைப்பது நல்லது.

படித்ததை நடைமுறைக்குக் கொண்டுவரும்போதுதான் பெரும்பாலான குழுக்கள் தடுமாறுகின்றன. முன்னோர் செய்த அனைத்தையும் மீட்க முயலாமல், அவர்கள் கைவிடாது செய்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 1830இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் தோன்றிய தர்ம சங்கம், புதிதாகச் சபையில் சேர்ந்து குடியிருக்க இடமின்றித் தவித்தவர்களுக்கு நிலம் வாங்க உதவியது. அதைப் பின்பற்ற விரும்பும் சபை, கட்டட நிதியில் ஒரு பங்கை ஓராண்டுக்கு மட்டும் ஒதுக்கி, வாடகை கட்ட முடியாத குடும்பத்துக்கோ கல்லூரிக் கட்டணம் தடைபட்ட பிள்ளைக்கோ கொடுத்துப் பார்க்கலாம். 1903இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையிலேயே நடந்தது என்பதையும், காணிக்கைக் கணக்கை வாசிக்கும் நாளில் நினைவூட்டலாம். ஓராண்டு முடிந்ததும் என்ன நடந்தது, எது நடக்கவில்லை என்பதை சபை மன்றக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

கடைசியாக, இந்த ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தொழில் என்ற கலம் பெரும்பாலும் வெறுமையாகவோ ஒரு கோடு இழுத்தோ இருக்கும். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் இருந்தால், குழந்தையின் தகப்பனாரிடமும் தாயாரிடமும் கேட்டு அதை மறவாமல் நிரப்பச் சொல்லுங்கள்.