தொடர்மாடிப் பிள்ளைக்கு ஒரு தோட்ட வேலை

பிள்ளைக்கு ஆடு, மாடு, வயல், தோட்டம் எல்லாம் காட்ட வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் வெள்ளவத்தையில் நிறையப் பேர். லீவு வந்தால் வான் பிடித்து ஏற்றிக்கொண்டு ஏதாவது பண்ணைக்குப் போவார்கள். ஆட்டுக்குட்டியோடு படம் எடுத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் காலமெல்லாம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, எட்டிப் பார்த்துவிட்டு வந்ததைவிடக் கையால் செய்த வேலைதான் பிள்ளையின் மனதில் நிற்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே இடம் தேடுவதற்கு முன் வேலையைத் தேடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை. அது அந்தப் பிள்ளையின் பொறுப்பு, நீங்கள் கை வைக்கக் கூடாது.

பல்கனி இருந்தால் வெண்டியில் தொடங்குங்கள். எல்லாரும் தக்காளிக்குத்தான் ஆசைப்படுவார்கள். கொழும்பின் மழைக்கும் புழுக்கத்துக்கும் அது சீக்கிரம் நோய்ப்படும், பிள்ளையும் சோர்ந்து போகும். வெண்டி விதை பெரிது, சின்ன விரல்களுக்குப் பிடிபடும். இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அடியில் துளை போட்ட பழைய பெயின்ற் வாளியில், விரலின் முதல் கணு ஆழத்துக்கு இரண்டு மூன்று விதை ஊன்றச் சொல்லுங்கள். மண்ணோடு கூட்டெருவும் தென்னந் தும்புத்தூளும் கலந்தால் வாளி பாரமில்லாமல் இருக்கும், ஈரமும் நிற்கும். ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும். நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் வேண்டும். கடல் பக்கம் பார்த்த பல்கனி என்றால் வாளியைச் சுவரோரம் ஒதுக்கி வையுங்கள். உப்புக்காற்று இலை ஓரத்தைக் கருக்கிவிடும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு யோகட் கப் ஒன்றைக் கொடுத்து, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று ஊற்றச் சொன்னால் போதும். மழை நாளில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இன்றைக்கு ஊற்றுவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யட்டும்.

ஆறேழு கிழமையில் பூக்கும். வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்த பூ பின்னேரமே சுருங்கிவிடும். இதை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தையும் கழற்றாமல் பல்கனிக்கு ஓடிய என் பேத்தி, “அம்மம்மா, பூ செத்துப் போச்சு!” என்று அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வாடின பூவை மெல்ல விலக்கிப் பார்த்தவளுக்கு, உள்ளே நகம் அளவில் ஒரு வெண்டிக்காய் இருந்தது. அதற்குப் பிறகு அடிமட்டம் இல்லாமல் அவள் பல்கனிக்குப் போனதில்லை. பூ வாடி ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பருவம். விட்டால் முற்றி நாராகிவிடும். ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். அடுத்த வாளிக்கு விதை அதிலிருந்து வரட்டும்.

சாடிகளுக்குக் கீழே தட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் இதையும் கேளுங்கள். கொழும்பில் டெங்கு எந்த நேரமும் உண்டு. தட்டில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டால் எட்டுப் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைக் கொட்டி, உட்புறத்தைத் தும்புப் பிரஷால் தேய்த்துக் கழுவுவது பெரிய பிள்ளையின் வேலை. முட்டைகள் தட்டோடு ஒட்டிக் காய்ந்தும் உயிரோடு கிடக்கும் என்பதால் வெறுமனே கொட்டினால் போதாது. எங்கேயாவது தேங்கிய தண்ணீரில் குடம்பிகள் நெளிவதைக் கண்டால், ஒரு கண்ணாடிக் கிளாசில் அள்ளி, அவை தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்செடுப்பதைக் காட்டுங்கள். பார்த்து முடிந்ததும் வெறும் நிலத்தில் ஊற்றிவிடுங்கள். தட்டை ஏன் தேய்க்க வேண்டும் என்று பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஒரு கறிவேப்பிலைச் செடி. தேசிச் செடியானாலும் சரி. கறிக்கு என்று நினைக்காமல் வண்ணத்துப்பூச்சிக்கென்று விடுங்கள், மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். இரண்டாம் மூன்றாம் மாடி வரைக்கும்கூடப் பூச்சி தேடி வரும். கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் முட்டையை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். முதலில் வரும் புழு கறுப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் காக்கை எச்சம்தான். அதனால்தான் பறவைகள் அதை விட்டுவிடுகின்றன. சில நாளில் தோல் கழற்றிப் பச்சையாகிவிடும். ஈர்க்கால் முதுகை இலேசாகத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான, கவட்டுப்போன்ற சிவப்புக் கொம்பு ஒன்றை வெளியே தள்ளும், கூடவே ஒரு புளிச்ச நாற்றம். பிள்ளைகள் ஒரு தரம் பயந்து, பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாளில் ஒரு தரம் போதும், புழுவைக் களைக்க வைக்கக் கூடாது.

கூட்டுப்புழுவான பிறகு அதைப் போத்தலில் அடைக்காதீர்கள். செடியிலேயே கிடக்கட்டும். சிலது வண்ணத்துப்பூச்சியாகும். சிலதைப் பறவை கொத்திக்கொண்டு போகும். சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் குளவி வரும், ஏனென்றால் அந்தக் குளவி முன்பே உள்ளே முட்டை வைத்திருக்கும். இதைப் பிள்ளைக்கு மறைக்க வேண்டாம். பேரன் “குளவி கெட்டதா?” என்று கேட்டான். “அதுக்கும் பிள்ளை இருக்குதானே” என்றேன். நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். அந்த யோசனையைக் கலைக்காமல் இருப்பதும் நம்முடைய வேலைதான்.

போயா நாட்களில் வெளியே போங்கள். தூரம் போகத் தேவையில்லை. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்த வரிசையில் முதன்முதல் இடம்பிடித்த நகரங்களில் இதுவும் ஒன்று. கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மரப்பலகைப் பாதை இருக்கிறது. சின்னப் பிள்ளையும் நடக்கும். தலவத்துகொடவில் தியசரு பூங்கா. அதுவும் முடியாவிட்டால் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையே போதும், நீர்க்காகம் இறக்கை விரித்துக் காய்வதையும் கபரக்கொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு நீந்துவதையும் பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவையும் இல்லை, பிள்ளைக்குப் பொறுமையும் இல்லை. அங்கேயும் வேலை வேண்டும். முழுப் பூங்காவையும் சுற்றாமல் ஓர் இடத்தில் இருந்து, ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எத்தனை தரம் தண்ணீருக்குள் கொத்தியது, எத்தனை தரம் மீன் அகப்பட்டது என்று கோடு போடச் சொல்லுங்கள். கொக்கும் வெறும் வாயோடு திரும்புகிறது என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். பறவையின் பெயரெல்லாம் பிறகு கேட்டால் சொல்லலாம்.

ஊரில் தோட்டம் செய்கிற சொந்தக்காரர் இருந்தால் இதற்கு மேல் பாக்கியம் இல்லை. எங்களுக்குச் சுன்னாகத்தில் என் தம்பி இருக்கிறான். போகும் நாள் முடிவானதும் நான் முதலில் போன் பண்ணுவது கோழிக்காகத்தான். கோழி அடைகாப்பது 21 நாள். நாங்கள் அங்கே நிற்கும் நாட்களில் குஞ்சு பொரிக்கும்படி பின்னோக்கி எண்ணி, அடை வைக்கச் சொல்லிவிடுவேன். ஓட்டில் முதல் வெடிப்பு விழுந்தபின் குஞ்சு முழுதாக வெளியே வர ஒரு நாள்வரைகூட எடுக்கும். ஓட்டை உரித்து உதவப் பிள்ளைகளின் கை துருதுருக்கும், விடக்கூடாது. இரத்த நாளம் வற்றும் முன் உரித்தால் குஞ்சு செத்துவிடும். காரணத்தைச் சொல்லிவிட்டால், பக்கத்தில் குந்தியிருந்து மூச்சு விடாமல் காத்திருப்பார்கள்.

இறைப்பு நாளில் பிள்ளையின் கையில் சின்ன மண்வெட்டியைக் கொடுங்கள். வெங்காயப் பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட வேண்டும். பிந்தினால் வரம்பு உடையும். செம்மண் முதல் தண்ணீரை உறிஞ்சும்போது சின்னச் சின்னக் குமிழியாகச் சத்தம் போடும், குனிந்தால் கேட்கும். “மாமா, அடைச்சிட்டன், விடுங்கோ!” என்று பேரன் கத்த, அந்தப் பக்கத்திலிருந்து தம்பி “சரியடா ராசா” என்பான். கொழும்பில் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துத்தர நாலு தரம் கூப்பிட வேண்டிய பிள்ளைதான் இது.

ஓகஸ்ட் லீவென்றால் பனம்பழம் விழும் காலம். பொறுக்கி, சூப்பி, கொட்டையைப் பாத்தியில் போட்டுவிட்டு வந்தால் தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிண்டலாம். வயல் சேற்றில் இறங்குவதென்றால் காலில் காயம் இருக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். இருட்டினபின் டோர்ச் இல்லாமல் வளவுக்குள் இறங்க விடாதீர்கள், பாம்பு உண்டு.

ஆளுக்கொரு கொப்பி கொடுங்கள். போன் படங்கள் ஆயிரம் சேரும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திகதி போட்டு ஒரு வரி எழுதினால் போதும், எழுதத் தெரியாதது கீறட்டும். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், இதை ஒரு ரீச்சராகவே சொல்கிறேன். கோழி இறகு, வெண்டி விதை, செம்மண் பட்ட விரலடையாளம் எல்லாம் ஒட்டட்டும். கொழும்புக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களையே மாமாவுக்குப் போன் எடுக்க விடுங்கள். எத்தனை குஞ்சு மிச்சம், எதைப் பருந்து கொண்டு போனது, வெங்காயம் என்ன விலைக்குப் போனது என்று கேட்டு, அதையும் கொப்பியில் எழுதட்டும்.