திரும்ப லாக்டவுன் வந்தா நம்ம தெருவை எப்படி ரெடி பண்றது

2020 மார்ச் 25 லாக்டவுன் ஆரம்பிச்சப்போ எங்க தெருவுல யாருக்கு என்ன வேணும்னு யார்கிட்டயும் லிஸ்ட் இல்ல, அதனால மொதல்ல ஒரு நோட்டு வாங்கி வீடு வீடா எழுதுங்க, தனியா இருக்கிற வயசானவங்க, டயாலிசிஸ் போறவங்க, மாசமா இருக்கிறவங்க, ரேஷன் கார்டு இல்லாதவங்க எல்லாம். பின் வீட்டு பாட்டி இன்சுலின் தீர்ந்தும் ரெண்டு நாள் வாயே திறக்கல, அதனால மருந்து எத்தனை நாளுக்கு இருக்குன்னும் கேட்டு எழுதிடுங்க.

கார்டு இல்லாதவங்களை தனிப் பக்கத்துல போடுங்க. அப்போ தமிழ்நாடு அரசு குடுத்த 1000 ரூபா ரேஷன் கார்டுக்குத்தான், கட்டட வேலைக்கு வந்த வெளியூர் பசங்க அதுல வரல. அந்தப் பக்கத்தை வார்டு ஆபீஸ்ல குடுத்து கையெழுத்து வாங்குங்க, வாய்ல சொன்னா மறந்துடுவாங்க.

ரேஷன் டோக்கன்ல போட்டிருக்கிற நாள், நேரத்துக்கு மட்டும் போங்க, கடை வாசல்ல முன்னாடியே சுண்ணாம்புல வட்டம் போட்டுடுங்க. கோயம்பேடு மார்க்கெட் மே மாசம் மூடினப்போ மாநகராட்சி காய்கறி வண்டிதான் கைகுடுத்துச்சு, அந்த மாதிரி வண்டி வந்தா எந்த மூலைல நிக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க.

தொற்று வந்த தெருன்னு தெருவை மூட தகரம் அடிக்க வந்தா சண்டை போடாதீங்க, ஆம்புலன்ஸ் போற அளவுக்கு ஒரு பக்கம் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்க.