மகளோடு மின்னேரியாவும் நிலாவெளியும்: யானைக்கும் கடலுக்கும் ஒரே பயணம் போடுவது எப்படி

முதலில் மாதம். ஊர், ஓட்டல், டிக்கெட் எல்லாம் அப்புறம். இலங்கையில் யானைக் கூட்டத்தையும் கடலுக்கு அடியில் மீனையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதிரி தோதான சமயம் வேறு இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி பக்கம்தான் பெய்யும். அதே நேரத்தில் திருகோணமலைப் பக்கம் வெயில் காய்ந்து கடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபர் கடைசிக்கு மேல் இது தலைகீழ். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கே கிழக்குக் கரையையும் அடிக்கிறது. தீபாவளி லீவில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக்குப் போய், கலங்கின கடலைப் பார்த்துவிட்டு அறையிலேயே சீட்டாடித் திரும்பிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

எனக்கு 59 வயது, மகளுக்கு 27. அவள் அம்மாவுக்குக் கடல் என்றாலே தலைசுற்றல், அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வளர்ந்த பிள்ளையோடு போகும்போது நாம் செய்கிற முதல் தப்பு, எல்லாவற்றையும் நாமே முடிவு செய்து “எல்லாம் போட்டாச்சு, நீ கிளம்பி வா போதும்” என்பது. நானும் அதைத்தான் செய்தேன். எக்ஸெல் தாளில் காலை 5 மணி முதல் இரவு 9 வரை கட்டம் போட்டு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது: “அப்பா, இதுல நான் தூங்குறது எப்போ?” அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு போனில் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டோம். காட்டு நாட்கள் அவள் பொறுப்பு: எந்தப் பூங்கா, எந்த ஜீப், எத்தனை மணிக்கு என்று அவள்தான் சொல்வாள், நான் வாய் திறக்கக் கூடாது. கடல் நாட்கள் என் பொறுப்பு. இதைத் தவிர, ஆளுக்கு ஒரு விஷயத்தை “இது வேண்டவே வேண்டாம்” என்று காரணம் சொல்லாமல் தள்ள உரிமை. அவள் சிகிரியாப் பாறை ஏறுவதைத் தள்ளினாள். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒன்றும் பேசவில்லை. நான் தள்ளியது இரவு பஸ்.

பணத்தையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். சம்பாதிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு ஓட்டலிலும் அப்பா பர்ஸை எடுப்பது ஒரு மாதிரி இருக்கும், நமக்கோ அவள் எடுத்தால் ஒரு மாதிரி இருக்கும். விமானமும் தங்கலும் என்னுடையது, மற்றதெல்லாம் பொதுப் பையில் ஆளுக்குப் பாதி என்று வைத்தோம். பில் வரும்போது தினமும் நடக்கிற அந்தச் சின்ன இழுபறி அதோடு ஒழிந்தது. அறை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், முடிந்தால் இரண்டு அறை எடுங்கள். நான் குறட்டை விடுகிறவன், அவள் நள்ளிரவு வரை போனில் பேசுகிறவள்.

எட்டு நாள், ஏழு இரவு இருந்தால் தாராளம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான், ஆனால் இறங்கின கையோடு காட்டுக்கு வண்டி பிடிக்காதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து, மின்னேரியாவுக்குப் பக்கத்து ஊரான ஹபரணைக்கு நான்கு மணி நேரம் ஆகும். முதல் இரவு பக்கத்தில் நீர்கொழும்பில் படுத்துவிட்டு மறுநாள் காலை போங்கள். ஹபரணையில் இரண்டு இரவு, நிலாவெளியில் மூன்று இரவு, திரும்பும்போது மறுபடி நீர்கொழும்பில் ஓர் இரவு. ஏழு இரவும் அதோடு சரி. காட்டை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜீப்பில் புழுதி குளித்த பிறகு கடலில் இறங்குவது சுகம், உப்புத் தோலோடும் வெயில் எரிச்சலோடும் ஜீப்பில் குலுங்குவது நரகம்.

புறப்படும் முன்பு பௌர்ணமி எப்போது என்று காலண்டரைப் பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை, அன்றைக்கு மதுக்கடை மூடியிருக்கும். அதைவிட முக்கியம், அன்றைக்கு உள்ளூர்க் கூட்டம் எல்லாம் கடற்கரைக்கு வந்துவிடும். கண்டிப் பெரஹெரா ஊர்வலத் திருவிழா ஜூலை, ஆகஸ்டில் வருவதால் அந்தப் பக்கம் அறை விலையும் ஏறும்.

இனி யானை. மின்னேரியா குளம் 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, குளத்துப் படுகையில் பச்சைப் புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் யானை விடுமா? இருநூறு, முந்நூறு என்று வந்து கூடும். ஆசிய யானைகள் இப்படிக் கூடுவதை வேறு எங்கும் இவ்வளவு பெரிதாகப் பார்க்க முடியாது என்பார்கள். ஆனால் ஒன்று, மின்னேரியா என்று பெயர் பார்த்து மட்டும் போய் நிற்காதீர்கள். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு சில வருடங்களில் இந்தக் குளத்துக்கு அதிகத் தண்ணீர் வந்து, புல்வெளி மூழ்கிவிடுகிறது. அப்போது யானைகள் பக்கத்திலிருக்கும் கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். மூன்றும் ஹபரணையிலிருந்து எட்டுகிற தூரம். அதனால் எந்தப் பூங்கா என்று முன்கூட்டியே பணம் கட்டாமல், அன்றைக்கு மதியம் ஜீப்காரரிடம் “நேற்று சாயங்காலம் எங்கே நின்றது?” என்று கேட்டு முடிவு செய்யுங்கள். காலையில் போவதைவிட மதியம் இரண்டரை மணிக்கு மேல் போவது நல்லது, வெயில் தணியும்போதுதான் கூட்டம் காட்டைவிட்டு வெளியே வரும். இரண்டு மதியம் ஒதுக்குங்கள். முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டு யானையும் நாற்பது ஜீப்பும்.

அந்த ஜீப் நெரிசல்தான் உண்மையான தலைவலி. ஏறும்போதே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: கிட்டே போக வேண்டாம், தூரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தால் போதும், டிப்ஸ் அதற்குத்தான். கிட்டே கொண்டுபோனால்தான் காசு வரும் என்று அவர்கள் நினைப்பது நம்மால் வந்த பழக்கம். இரண்டாம் நாள் அப்படி ஒதுங்கி நின்றபோதுதான் அதைப் பார்த்தோம். ஒரு தாய் யானை புல்லைக் காலால் தட்டிப் பெயர்த்து, துதிக்கையில் சுருட்டி, மண் போக முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி வாய்க்குள் போட்டது. பக்கத்தில் நின்ற குட்டி அதே மாதிரி தட்டிப் பார்த்தது, துதிக்கையில் இருந்த புல்லெல்லாம் கீழே சிதறிவிட்டது, கடைசியில் அம்மா வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. மகள் கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். முதுமலையும் கபினியும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே கண்ணில் படும், இங்கே ஆண் யானைகளில் பெரும்பாலானவை மோழை, தந்தம் உள்ள கொம்பன் அபூர்வம்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பது சண்டையில்தான் முடியும்.

ஹபரணையிலிருந்து திருகோணமலை கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர், வழியெல்லாம் காடு. இருட்டிய பிறகு இந்த ரோட்டில் போகாதீர்கள், யானை குறுக்கே வரும். பகலில் போனால் கந்தளாயில் நிறுத்தி, மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைக் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடலாம். சர்க்கரை இருக்கிறதே என்று நான் தயங்கியபோது மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் சட்டியைப் பாதி முடித்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினாள்.

கடலுக்கு வருகிறேன். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் இருப்பது புறாத்தீவு, மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 2003இல் தேசியப் பூங்கா ஆனது. கரையிலேயே டிக்கெட் வாங்கி, படகு பேசிப் போக வேண்டும். காலையில் முதல் படகுக்கே போய் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தச் சின்னத் தீவில் கால் வைக்க இடம் இருக்காது, கச்சான் காற்றும் வலுக்க ஆரம்பிக்கும். (அங்கே கச்சான் என்றால் கோடையில் வீசுகிற சூட்டுக்காற்று. வேர்க்கடலைக்கும் அதே பெயர், கடையில் குழம்ப வேண்டாம்.) பிளாஸ்டிக் எதையும் தீவில் விட்டு வரக்கூடாது, பொதிந்த தின்பண்டம் இல்லாமலே போங்கள்.

ஸ்நார்க்கெல்லிங் என்பது நீச்சல் இல்லை, வாயில் வைத்த குழாயால் மூச்சு விட்டபடி குப்புற மிதப்பது. நான் கிணற்றில் நீச்சல் பழகியவன், தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டே நீந்தித்தான் பழக்கம். இங்கே வேலையே தலையைக் கீழே வைப்பது. முகம் தண்ணீரில் இருக்கும்போது வாயால் மூச்சு விடச் சொன்னால் உடம்பு நம்பாது. அதனால் ஊரிலேயே ஏதாவது நீச்சல் குளத்தில் மூன்று நாலு தடவை, இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பழகுங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் “பூ” என்று ஒரே ஊதாக ஊதித் தள்ள வேண்டும். இது மட்டும் பழகிவிட்டால் முக்கால்வாசிப் பயம் போய்விடும்.

மாஸ்க்கை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்கிக் கொண்டுபோங்கள். வாரைத் தலையில் மாட்டாமல் முகத்தில் ஒட்டி, மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. என்னைப் போல மீசைக்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு, மீசை வழியாகத் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே இருக்கும் மீசையின் மேல் ஓரத்தை மட்டும் கொஞ்சம் கத்தரித்து, வாஸ்லின் தடவினேன். “முப்பது வருஷத்து மீசைப்பா” என்று மகள் சிரித்தாள், ஆனால் கசிவு நின்றது. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அது இல்லாமல் இறங்கினால் மீன் எல்லாம் வண்ணக் கறைதான்.

வெயில்தான் என்னை ஏமாற்றியது. முழுக்கைச் சட்டை போட்டேன், தொப்பி போட்டேன், முழங்காலுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். குப்புற மிதக்கும்போது சூரியன் நேராக அடிப்பது அங்கேதான். இரண்டு நாள் காலை மடக்க முடியாமல் நடந்தேன். கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை வாங்குங்கள், அப்படிச் செய்தால் பவளத்துக்கு ஆகாத சன்ஸ்கிரீனையும் கொஞ்சமாகப் பூசினால் போதும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒரு விஷயத்தில் வீம்பு பார்க்கக் கூடாது. ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மூச்சு வாங்கினால் உடனே மல்லாந்து படுத்து, குழாயைத் துப்பிவிட்டுக் கையைத் தூக்குங்கள். பிள்ளையோடு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது, மணிக்கட்டை ஒரு தடவை அழுத்தினால் “அங்கே பார்”, இரண்டு தடவை அழுத்தினால் “கரைக்குப் போகலாம்”. இரண்டாவது வந்தால் ஏன் என்று கேட்கக் கூடாது. முதல் நாள் பத்தாவது நிமிடத்திலேயே நான் இரண்டு தடவை அழுத்தினேன். கேள்வி கேட்காமல் திரும்பினாள். சின்ன வயதில் அவளைத் தெப்பக்குளத்துப் படியில் நான் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிடி, ஆள்தான் மாறியிருந்தது.

பவளப்பாறையை அங்கே முருகைக்கல் என்கிறார்கள். எங்கள் படகுக்காரர் ஒரே ஒரு விதிதான் சொன்னார்: “ஐயா, களைச்சுப் போனா மிதவுங்க, முருகைக்கல்லு மேல மட்டும் நிக்க வேணாம்.” அது உயிருள்ளது, மிதித்தால் உடையும், நம் காலையும் கிழிக்கும். இரண்டாம் நாள் காலை மணிக்கட்டில் ஓர் அழுத்தம், பார்த்தால் கீழே ஓர் அழுங்காமை, பாறை இடுக்கில் அலகை விட்டுக் கொறித்துக்கொண்டிருந்தது. துரத்தக் கூடாது, மேலேயே சும்மா மிதந்தால் அது பாட்டுக்கு வேலை பார்க்கும். துடுப்பு நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு உள்ள சின்னச் சுறாக்களும் அங்கே ஆழமில்லாத தண்ணீரில் சுற்றும். மனிதனைக் கண்டால் விலகிப் போகிற ஜாதி. ஆனாலும் முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்யும்.

பிள்ளைக்கு சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா ஆசை இருந்தால், அதைக் கடல் நாட்களின் முதலிலேயே வையுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். ஸ்நார்க்கெல்லிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

நிலாவெளியில் ஒரு சாயங்காலத்தைத் தனித்தனியாக விட்டோம். நான் கோணேஸ்வரம் போய், போகிற வழியில் கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எங்கே போனாள் என்று கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும் வந்தபோது அவளே சொன்னாள்.

கிளம்புகிற நாளுக்கு முந்தைய மதியமே மாஸ்க், குழாய் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் ஊர் வந்து திறக்கும்போது நாறும். எங்களுடையது இப்போது அவள் அலமாரியில் இருக்கிறது, வாஸ்லின் டப்பாவோடு.