டவுன் சிண்ட்ரோம் பிள்ளையைச் சிரித்து விளையாடி வளர்க்கும் வழி

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த பிள்ளையைச் சிரித்த முகத்தோடு வளர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். அதை எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறவர்கள் குறைவு. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில், விடியுமுன்னே ரப்பர்ப் பால்மரம் சீவவும் செம்பனைக் குலை வெட்டவும் கிளம்பிவிடுகிற வீடுகளில், பிள்ளை பெரும்பாலும் பாட்டியின் கையில்தான் வளர்கிறது. ஆகவே, இங்கே சொல்லப்படுபவை பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

முதலில் காரணத்தை வீட்டில் எல்லாருக்கும் விளக்கிவிடுங்கள். நம் உயிரணுக்களில், மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21-ஆவது இரண்டு இருப்பது வழக்கம். இப்பிள்ளைகளுக்கு அது மூன்று இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் 1959-இலேயே இதை வெளியிட்டுவிட்டார்கள். கிரகணத்தில் வெளியே போனதாலோ, கர்ப்பத்தில் எதையோ தின்றதாலோ இது வருவதில்லை என்று பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். தாயின் மேல் பழி கிடக்கும் வீட்டில் மனம்விட்டுச் சிரிக்க யாராலும் முடியாது.

நம்பிக்கை வேறு, பரிசோதனை வேறு. இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருப்பதால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் பிறந்தவுடன் ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்தாக வேண்டும். தைராய்டு, காது, கண் ஆகியவற்றை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று திட்டுவதற்கு முன், காதுக்குள் நீர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டிலும் ஒரு கவனம் தேவை. கழுத்தெலும்பு மூட்டு சிலருக்குத் தளர்ந்திருக்கும் என்பதால், குட்டிக்கரணம் போட வைப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். கழுத்து வலியோ, நடையில் தடுமாற்றமோ, திடீரெனச் சிறுநீர் கட்டுப்பாடு போவதோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி, சிரிப்பைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்துவது. இப்பிள்ளைகள் பேசுவதைவிட அதிகம் புரிந்துகொள்கிறார்கள். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது அவர்கள் மனத்தில் நன்றாகத் தங்குகிறது. அதனால், வேண்டுமென்றே தவறு செய்து காட்டுவது மிக நல்ல பாடம். வாசலில் கிளம்பும்போது பிள்ளையின் சிலிப்பரை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டு, "சரி, போலாமா?" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேளுங்கள். பிள்ளை முதலில் உங்களைப் பார்க்கும், பிறகு சிலிப்பரைப் பார்க்கும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், கடைசியில் தன் காலைத் தட்டிக் காட்டும். அங்கேதான் பெரியவர்கள் அவசரப்பட்டு, "கால்ல போடணும்" என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். கேட்டதை உள்வாங்கிப் பதிலாக்க அவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். "கா" என்று பாதிச் சொல் வந்தாலும், "ஆமா, கால்!" என்று முழுச் சொல்லாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலிப்பரைப் போட்டுவிடுங்கள். மைலோ கேட்கும்போது வெறுங்குவளையை நீட்டுவதும், தாத்தாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிடப் பார்ப்பதும் இதே வகைதான். இதையெல்லாம் தமிழிலேயே செய்யுங்கள். பள்ளியில் மலாய் இருக்கிறது, வீட்டில் தமிழும் வேண்டுமா என்று தயங்க வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வது இப்பிள்ளைகளின் பேச்சை மேலும் தாமதப்படுத்துவதில்லை.

எதற்குச் சிரிக்கக்கூடாது என்பது இதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று வயதில் ஒட்டுக்கடையில் முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் பழகிய பிள்ளை பதினைந்து வயதிலும் அதையே செய்யும், அப்போது ஊர் முகம் சுளிக்கும், தீய எண்ணமுள்ளவனுக்கும் அது வசதியாகிவிடும். ஆகவே சிறுவயதிலேயே கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்குங்கள். வீட்டாரைத் தவிர வேறு யாரையும் கட்டிப்பிடிக்க விடாதீர்கள். தட்டை வீசினால் உதட்டோரம்கூடச் சிரிக்காமல், அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாடம் கடினமானதும் கோமாளித்தனம் செய்து தப்பிக்கப் பார்ப்பதும் உண்டு. அந்தச் சாமர்த்தியத்தை உள்ளுக்குள் மெச்சிக்கொள்ளுங்கள், ஆனால் வேலையைச் சின்னதாக்கி முடிக்க வைத்த பிறகே சேர்ந்து சிரியுங்கள். பிள்ளை கண்டுபிடித்த வேடிக்கைக்குச் சிரிப்பது உறவை வளர்க்கும். அதன் நடையையோ நாக்கையோ பார்த்துச் சிரிப்பதை, சிரிப்பவர் சொந்த மாமாவே ஆனாலும், அங்கேயே நிறுத்துங்கள்.

இவர்கள் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். இவர்களுக்கும் கோபம், வெட்கம், ஏக்கம் எல்லாம் உண்டு. அழும் பிள்ளையைச் சிரிக்க வைக்கப் போராடாமல், ஏன் அழுகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஊராரிடமும் ஒரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "பாவம்லா, இவன் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டால், "பாவமெல்லாம் இல்லக்கா, இன்னைக்கு அவனே பட்டன் போட்டான், ஒன்னு மட்டும் இடம் மாறிருச்சு, அவன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லுங்கள். அக்கா பிள்ளையைப் பார்த்து நேராகப் பேசத் தொடங்குவார், அதுதான் வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் அழைத்துப் போங்கள். உறுமி மேளச் சத்தம் அச்சுறுத்தினால், முதலில் தள்ளி நின்று கேட்க வைத்துப் படிப்படியாக அருகே செல்லலாம்.

அட்டையையும் பள்ளியையும் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரின் சான்றோடு சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. எனும் மாற்றுத்திறனாளி அட்டை வாங்குங்கள். பள்ளி வயதுக்கு முன்பே, அருகிலுள்ள பி.டி.கே. சமூக மறுவாழ்வு மையத்தில் இடம் கேளுங்கள். பள்ளி வயதில், தமிழ்ப்பள்ளி போன்ற தேசிய வகைப் பள்ளி உட்பட எந்தப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது நோய் விவரத்தோடு, பிள்ளையை எது சிரிக்க வைக்கும், எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சிலிப்பர் விளையாட்டை அதில் முதலில் எழுதலாம்.