சின்ன எஸ்யூவி வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது எப்படி? (நான் கோட்டை விட்ட இடமும் சேர்த்து)

என் முதல் சின்ன எஸ்யூவியைச் சரியாகப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினேன். விற்பனையாளர் காட்டிய வழி, அகலமான சாலை, ஜில்லென்று ஏசி, மெல்லிசாகப் பாட்டு வேறு. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வாங்கிய மூன்றாம் நாள் காலை நெரிசலில் மாட்டிய பிறகுதான், பத்தடி நகர்ந்தால் ஒரு தடவை நம் தலையை முன்னே தள்ளுகிற வண்டி அது என்று புரிந்தது. மூன்று வருடம் தலையாட்டிப் பொம்மை மாதிரி வேலைக்குப் போய் வந்தேன். அடுத்த வண்டி பார்க்கும்போது இது மறுபடி நடக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடன், காப்பீடு, நிறம் பற்றியெல்லாம் இதில் எதுவும் இருக்காது.

1. கிளம்பும் முன்: டேப்பை எடுங்கள்

வண்டி நிறுத்தும் இடத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 5 மீட்டர் ஸ்டீல் டேப் போதும், போனில் அளக்கும் செயலிகளை நான் நம்புவதில்லை. இந்த வகை வண்டிகள் ஏறக்குறைய 4 முதல் 4.4 மீட்டர் நீளம் இருக்கும். நீளத்தை எல்லாரும் பார்த்துவிடுவார்கள், ஏமாறுவது அகலத்தில்தான். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல் சொல்வது. கண்ணாடி விரித்த நிலையில் எவ்வளவு, கதவைத் திறந்தால் எவ்வளவு என்று நீங்களே அளக்க வேண்டும். அப்புறம், திரும்பும் ஆரம் 5.2 மீட்டர் என்று போட்டிருந்தால் முழு வட்டத்துக்கு அதன் இரண்டு மடங்கு வேண்டும். அந்த அளவும் பெரும்பாலும் சக்கரம் போகும் தடத்துக்கானது, பம்பரின் மூலை அதற்கும் வெளியே போகும்.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: தினமும் போடும் செருப்பு அல்லது ஷூ, வழக்கமாகத் தூக்கும் பெட்டி, குழந்தை இருக்கை இருந்தால் அது, பாதி நிரப்பிய ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

2. இன்ஜினைத் தொடாமல் அரை மணி நேரம்

முதலில், நிற்கிற வண்டி நீங்கள் வாங்கப் போகிற அதே ரகமா என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கத் தருவது பெரும்பாலும் உச்ச ரகம். கீழ் ரகத்தில் சக்கர அளவு மாறும், அதோடு குலுங்கும் விதமும் மாறும். பின்பக்க வைப்பர், கேமரா எல்லாம் இல்லாமலும் போகலாம்.

ஓட்டுநர் இருக்கையை உங்களுக்குத் தோதாக வைத்துவிட்டு, அதை அசைக்காமல் இறங்கிப்போய் அதற்குப் பின்னாலேயே உட்காருங்கள். முட்டி இடித்தால் அதுதான் பின் இருக்கையின் உண்மையான இடம். ஸ்டியரிங் மேலே கீழே மட்டும் நகர்கிறதா, முன்னே பின்னேயும் வருகிறதா பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் பலவற்றில் முதல் வசதி மட்டும்தான் இருக்கும், கால் நீளமானவர்கள் கையை எட்டி நீட்டியபடியே ஓட்ட வேண்டி வரும்.

நண்பர் ஒருவரை வண்டியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குப் பின்னால் ஆள் முழுதாக மறைந்துபோவதை அன்றுதான் பார்த்தேன். மறைவே இல்லாத வண்டி கிடையாது. ஆனால் தலையை எவ்வளவு அசைத்தால் ஆள் தெரிகிறார் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

3. நடை வேகத்தில் ஓட்டுங்கள் (இங்கேதான் கோட்டை விட்டேன்)

காலையோ மாலையோ, நெரிசல் நேரத்தில்தான் வண்டி வேண்டும் என்று அடம்பிடியுங்கள். மத்தியானம் வரச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகையில் நிறைய வண்டிகளுக்கு 1 லிட்டரை ஒட்டிய மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே அமுக்கும் விசிறி. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு, விசிறிக்கு உயிர் வராது. அதனால் 1,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் தடவை) கீழே மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பிடித்து இழுக்கும். காலியான சாலையில் இது தெரியவே தெரியாது. வேகத்தடை தாண்டி இரண்டாம் கியரில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு மிதித்தால் உடனே தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸ் அடுத்த தலைவலி. 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நாலு விதம் விற்கிறார்கள். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சை மிஷின் மிதிப்பது, விலை குறைவு, கியர் மாறும்போது தலையாட்டல் இருக்கும். என் முதல் வண்டி இதுதான். இரட்டை கிளட்ச் என்பது இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்வது, வேகத்தில் பிரமாதம், ஆனால் ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் சூடாகும், குறிப்பாக எண்ணெயில் மூழ்காத உலர் வகையில். சிவிடி என்பது தனித்தனி கியர் படிகளே இல்லாதது, வழவழப்பு, ஆனால் அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். டார்க் கன்வர்ட்டர் என்பது கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் பழைய முறை. நெரிசலுக்கு எனக்குப் பிடித்தது அதுதான், இரண்டாவதாக வாங்கியதும் அதுவே.

இப்போது பாட்டில். கப் வைக்கும் குழியில் அதை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். பிரேக்கை விட்டு வண்டியைத் தானாக ஊரவிடுங்கள், லேசாக மிதியுங்கள், நிறுத்துங்கள், மறுபடி. இருபது தடவை. நான் பார்த்த ஒரு வண்டியில் ஒவ்வொரு கிளம்பலுக்கும் தண்ணீர் மூடி வரை எகிறியது, இன்னொன்றில் விளிம்பு மட்டும் லேசாகச் சாய்ந்து திரும்பியது. எனக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது, நம் உடம்பு சீக்கிரம் பழகிவிடுகிறது. மேட்டில் நிறுத்திப் பின்னோக்கி ஏற்றியும் பாருங்கள், அந்தச் சமயத்தில் நெடி அடித்தால் அது கிளட்ச்.

4. மற்றவை, வேகமாக

உடைந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் ஒரு தடவை. பிறகு 80-ல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள், குரலை உயர்த்த வேண்டியிருந்தால் தினமும் அப்படித்தான். ஓட்டிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் ஏசி விசிறியைக் கூட்டிக் குறையுங்கள். எல்லாவற்றையும் திரையில் தேடித் தொடவேண்டிய வண்டிகள் எனக்கு ஆகாது, திருகும் குமிழ்தான் வேண்டும்.

சன்ரூஃபா ஈஎஸ்சியா என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஈஎஸ்சிதான். வண்டி சறுக்கும்போது தேவையான சக்கரத்தை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து நேராக்குவது அது. உயரமான வண்டிக்கு மிகவும் தேவை. மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்கும்போது எந்த வருடம், எந்த ரகம் என்றும் பாருங்கள். விதிகள் இறுகிக்கொண்டே வருவதால் பழைய 5 நட்சத்திரமும் இன்றைய 5 நட்சத்திரமும் ஒன்றல்ல. எஸ்யூவி என்ற பெயரைப் பார்த்து நாலு சக்கர இழுவை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இந்த வகையில் பெரும்பாலும் முன்சக்கரம் மட்டும்தான்.

வண்டியை எடுக்கும் அன்று டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 1024 என்றால் 2024-ன் பத்தாவது வாரம் செய்தது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், டிக்கிக் கம்பளத்தைத் தூக்கினால் ஸ்டெப்னியே இல்லை, ஒட்டும் பசையும் காற்றடிக்கும் பம்பும்தான் இருக்கிறது என்றார். சரி, அதையும் தூக்கிப் பாருங்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் பொதுவாக 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை மாட்டினால் முன்னால் இருப்பவரின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். நான் சொன்ன பட்டியலில் குழந்தை இருக்கை இருந்தது, ஆனால் அதை மாட்டிவிட்டு முன்னால் ஆளையும் உட்கார வைத்துப் பாருங்கள் என்று எழுத மறந்துவிட்டேன்.

மின்சார வண்டிக்கும் இதே முறையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூன்றாம் படி அதற்கு ஏறக்குறைய தேவையில்லை, கிளட்சும் கிடையாது, டர்போவும் கிடையாது. ஆனால் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பல வண்டிகளில் தரை உயர்ந்துவிடும், பின்னால் உட்கார்ந்தால் முட்டி மேலே தூக்கி, தொடை சீட்டில் படாமல் நிற்கும். பின் இருக்கையில் ஐந்து நிமிடம் அல்ல, இருபது நிமிடம் உட்காருங்கள்.