ருமேனியத்தில் ஒளிந்திருக்கும் ஹங்கேரியச் சொற்களைப் பிடிக்கும் வழி

முதலில் அழுத்தத்தைக் கவனியுங்கள். ஹங்கேரியத்தில் அது எப்போதும் முதல் அசையில்தான். நகரத்துக்கு அங்கே 'வாரொஷ்', ருமேனியத்தில் 'ஒராஷ்'. தொடக்க வகரம் உதிர்ந்து, அழுத்தம் கடைசி அசைக்கு ஓடிவிட்டது. குடிக்கும் குவளை 'பொஹார்', 'பஹார்' ஆனபோதும் அழுத்தம் இதேபோல் கடைசிக்கு ஓடியது. ருமேனியம் படித்த புதிதில் நான் முதல் அசையையே அழுத்தி, ஒவ்வொரு முறையும் திருத்தம் வாங்கினேன்.

அப்புறம் உயிரொலி. கவலை என்ற பொருளுள்ள 'கொந்த்', ருமேனியத்தில் 'எண்ணம்' என்ற பொருளில் 'gând' ஆகிவிட்டது. நடுவில் வருவது நம் 'காது' என்ற சொல்லின் கடைசிக் குற்றியலுகரம் மாதிரியான ஒலி. தமிழருக்கு இது இலவச வரம், ருமேனியம் படிக்கும் மற்றவர்களில் பலர் திணறுவார்கள்!

சொல்லின் வாலையும் பாருங்கள். ஹங்கேரியத்தில் பால் வேறுபாடே இல்லை. சுங்கம் என்ற 'வாம்', கடைசியில் ஒரு மங்கலான அகரத்தை ஒட்டிக்கொண்டு 'வாம' என்று பெண்பாலாகிறது. வினை என்றால் '-உயி' ஒட்டும்: செலவழிப்பதற்கான 'கொல்த்', இதழ் குவியும் உயிரை இழந்து 'கெல்துயி'.

ஒன்று மட்டும் வேடிக்கை: 'மர்ஹ' இன்று ஹங்கேரியத்தில் மாடு, ருமேனியத்தில் 'மர்ஃப' சரக்கு. ஹகரம் ஃபகரமாகியிருக்கிறது.